கூரை விழும் விதம்

சேர் கணினியை அணைக்காமல் எழுந்து போனதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. திரையில் அரைகுறையாய் ஒரு வீடு நின்றது. நாற்காலியின் முதுகில் அவருடைய சுவெட்டர் கிடந்தது. நுவரெலியாக் குளிரில் அதை விட்டுவிட்டு யாரும் தூரமாய்ப் போகமாட்டார்கள்; தேநீர் குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி வரவில்லை.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம் அது. ஒரு துணிக்கடையின் மாடியில் ஏழெட்டுப் பேர் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக வீடியோ கேம் வேலை செய்தோம். விளையாட்டில் ஆட்கள் ஓடித் திரிகிற தெரு, வீடு, மரம், மதில் எல்லாவற்றையும் கணினியில் கட்டுவது எங்கள் பங்கு. சேர் என்று நாங்கள் எல்லோரும் மரியாதையாகக் கூப்பிட்ட அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே கட்டட வரைபடம் வரைந்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து ஒரே மேசையில் உட்கார்ந்தோம். காடும் மலையும் கட்டியவரை எல்லாம் நன்றாகவே போனது. பிறகு குண்டு விழுந்த நகரம் ஒன்றைக் கேட்டார்கள். சேர் மூன்று வீடுகளை முடித்தார். நான்காவதில் எழுந்து போனார். மறுவாரம் மரக்கறிச் சந்தையில் மூட்டை நிறுக்கும் வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம்.

மிச்ச வீடுகள் என் தலையில் விழுந்தன. நான் கட்டிய இடிபாடுகள் எல்லாம் திரும்பி வந்தன. இடிந்த மாதிரி இல்லை, யாரோ பிரித்து அடுக்கிய மாதிரி இருக்கிறது என்றார்கள். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவன் நான்; மண்சரிவு பார்த்திருக்கிறேன், குண்டு பார்த்ததில்லை. ஆறாவது முறையும் திரும்பியபோது, வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும் என்று முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அப்பா மலையில் விழுந்து முதுகு உடைந்து படுக்கையில் இருந்தார். அம்மா கொழுந்தெடுத்துத்தான் இரண்டு தங்கைகளும் படித்தார்கள். வீட்டில் சொன்னபோது அம்மா திட்டவில்லை.

"கண்டாக்கையாகிட்ட கேட்டு வச்சிருக்கேன். திங்கக்கெழம காலையில பெரட்டுக்குப் போயி பேரு குடுத்துருப்பா."

தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கச் சொன்ன அந்த அமைதியான குரல் என்னை உலுக்கிவிட்டது. என் வேலை இப்படித்தான் முடியும் என்று அவள் முதலிலிருந்தே தயாராக இருந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை சந்தைக்கு ஓடினேன். லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே நின்ற சேர் என்னைக் கண்டதும் சிரித்தார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். நான் அவரைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

"கூரை எப்படி விழும் சேர்? நாளைக்குள்ள முடிக்கணுங்க."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. ஆனாலும் நான் நகரவில்லை. அவர் ஒரு சிமெந்துப் பையின் தாளைக் கிழித்து, தராசின் மேல் வைத்து வரைந்தார். ஓடுகள் எந்தப் பக்கமாய்ச் சரியும், முகட்டு வளை எந்த இடத்தில் முறியும், சன்னல் நிலை மட்டும் எப்படித் தனியே நிற்கும் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். கடைசியாய் முறிந்த வளையிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். குழந்தையைப் போட்டு ஆட்டும் ஏணையின் கயிறு. ஏணையை வரையவில்லை. சட்டென்று உள்ளங்கையால் அதை மறைத்தார்.

"தம்பி, இதை மட்டும் போடாதையும்."

யாருடைய ஏணை என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அவர் சொன்னபடி எல்லாம் வைத்த பிறகும் அந்த வீடு யாரும் வாழாத வீடாகவே இருந்தது. பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி இரண்டு தடவை வந்து பின்னால் நின்றுவிட்டுப் போனார். மாலையில் கயிற்றைத் தொங்கவிட்டு அனுப்பினேன். பதிலில் கயிற்றை மட்டும்தான் பாராட்டியிருந்தார்கள். அந்த வீட்டின் படம்தான் கொழும்பில் பெரிய இடமொன்றில் எனக்கு வேலை வாங்கித் தந்தது. அதற்குப் பிறகு நான்கு வேலை மாறிவிட்டேன். இப்போது ஐந்தாவதற்கு விண்ணப்பிக்கிறேன். இன்றுவரை முதலில் வைப்பது அதே படத்தைத்தான். அதைவிட நல்லதாய் என்னால் எதையும் செய்ய முடிந்ததில்லை.

கொழும்புக்குக் கிளம்பிய காலையில் சேர் பஸ் நிலையத்துக்கு வந்தார். பொலிஸ் பதிவில்லாமல் தமிழ்ப் பெடியனுக்கு அங்கே யாரும் அறை தரமாட்டார்கள் என்று, வெள்ளவத்தையில் இருந்த தன் மச்சானின் முகவரியை எழுதிக் கொண்டுவந்திருந்தார். பஸ் புறப்படும் நேரத்தில் சன்னலருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீர் அதைப் போடேல்லைத்தானே?"

"இல்லைங்க சேர்."

"தெரியும்," என்றார். பிறகு, குளிர் காற்று அடிக்கும் என்று சன்னல் கண்ணாடியை வெளியிலிருந்தே தள்ளிச் சாத்திவிட்டார்.