சனிக்கிழமை மட்டும் காணாமல் போகும் பிரவுசர்

காலையில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடையில் ஒரே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். பிரவுசர் திறக்கவில்லை.

மகளின் கல்லூரிக்காகச் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்த ஓர் அம்மா, காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்றுதான் கடைசி நாள்.

"வாரா வாரம் சனிக்கெயம இதே பேஜார்ண்ணா. மறுபடி போன்ல டவுன்லோடு பண்ணி இதுல ஏத்துனா ஓடும்," என்றார் கடைக்காரர் அமுதா. மானிட்டரில் எலுமிச்சம்பழம் தொங்கியது.

அதென்ன சனிக்கிழமை மட்டும்? மண்டையைக் குடைந்தது.

"வெள்ளிக்கிழமை என்னம்மா பண்ணுவீங்க?"

"கடைய கயுவி, பூஜ போட்டு, டவுன்லோட்ஸ் ஃபோல்டரயும் காலி பண்ணிடுவேன். ஜனங்க ஆதாரெல்லாம் அதுலதான கீது."

பிரவுசரும் அதில்தான் இருந்திருக்கிறது! ஏற்றிய இடத்திலேயே பிரித்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுபடி போனில் இறக்கி, கம்ப்யூட்டரில் வேறு ஃபோல்டரில் வைத்தேன். திறந்தது. அந்த அம்மாவின் விண்ணப்பமும் பதிவாகிவிட்டது.

"இனிமே எலுமிச்சம்பழத்தை எடுத்துடலாம்மா."

"அது இருக்கட்டும்ண்ணா. அத்த கட்னதாலதான் இன்னிக்கு நீங்க வந்தீங்க."

இதற்குப் பதில் எந்த லினக்ஸ் ஃபோரத்தில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.