நேராகப் போன பந்து

பெயின்ட் கிடங்கின் கண்காணிப்பாளரை நூல்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டின்களை நூல் பிடித்தாற்போல் அடுக்குவார். ஒரு டின் விரல் அகலம் விலகி நின்றாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அவருக்கு இருந்த வேண்டுதல் ஒன்றே ஒன்று. மனைவி நர்ஸாக இருக்கும் ஊருக்குத் தனக்கும் மாற்றல் கிடைக்க வேண்டும். அந்த ஊர்க் கிடங்கில் இடமும் காலியாக இருந்தது. கொடுக்க வேண்டியவர் மேனேஜர். ஆனால் அவர் மேசை முன்னால் போய் நின்றால் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, "ஒரு டின்னுல மூடி ஒழுகுது சார்" என்று சொல்லித் திரும்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆட மேனேஜருக்குத் துணை வேண்டியிருந்தது. "நீங்க வாங்களேன்" என்றார். மனைவியைப் போய்ப் பார்க்கிற ஒரே நாள் அது. அவள் பக்கத்திலேயே இருப்பதற்காக, அவளைப் பார்க்கப் போவதையும் விட்டார் மனிதர்.

மட்டையை எப்படி வீசினாலும் அவர் பந்து வலப்பக்கம் வளைந்து முட்புதரில் விழும். மேனேஜர் பந்துக்கும் அதே புதர்தான் மாமியார் வீடு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மேனேஜர் காற்றைக் குறை சொல்வார், காற்றில்லாத நாளில் புல்லைக் குறை சொல்வார். இருவரும் குனிந்து பந்து தேடுவார்கள். அந்தப் புதருக்குள்தான் மேனேஜர் மனிதராவார். முழங்கால் வலி, விலை போகாத பச்சைப் பெயின்ட், எல்லாம் பேசுவார். ஒருநாள், "உங்க வீட்டம்மா வேற ஊர்லயா? அடப்பாவமே, சொல்லவே இல்லையே! பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். நம் பந்தைத் தேடிப் பெரிய மனுஷர் முள்ளில் கிழிபடுவதா என்று நூல்காரருக்கு மனசு உறுத்தியது. மச்சினனிடம் சொன்னார். மச்சினன் கோல்ஃப் ஆடியதில்லை, வீடியோ பார்த்தவன்.

"பந்து மேல குத்தமில்ல மாமா. மட்டை வர்ற வழி தப்பு. வெளியிலேர்ந்து உள்ள இழுக்கறீங்க, வேலி தாண்டி மேய வர்ற ஆடு மாதிரி. உள்ளேர்ந்து வெளிய போகணும்."

"எப்படிடா?"

"வலது முழங்கைய விலாவோட ஒட்டுங்க. மொதல்ல இடுப்பு திரும்பட்டும், தோள் பின்னால வரட்டும். அவசரம் வேணாம், பந்து எங்கயும் ஓடிப் போகாது."

பந்துக்கு அந்தப் புறம், உரசினாற்போல் ஒரு காலி டின்னை வைத்தான். மட்டை பழைய வழியில் வந்தால் டின் கத்தும். கிடங்கின் பின்பக்கம் மாலையானால் டங், டங். "மணி அடிச்சாச்சு, வீட்டுக்குப் போலாம்பா" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கிளம்புவார்கள். நூல்காரர் ஒவ்வொரு வீச்சுக்கும் ஆண்டவனை வேண்டினார். ஆண்டவனும் காது கொடுத்தார். ஒரு மாலை டின் வாயே திறக்கவில்லை.

அந்த ஞாயிறு பந்து நேராகப் போயிற்று. அடுத்ததும் போயிற்று. மேனேஜர் தனியாகப் புதருக்குப் போனார். இவர் புல்வெளி நடுவில் விளக்குக் கம்பம் மாதிரி நின்றார்.

அடுத்த வாரம் மேனேஜர் இன்னொரு கிடங்குக்காரரையும் அழைத்து வந்தார். அவர் பந்து அழகாகப் புதருக்குள் போயிற்று. உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. நூல்காரர் கோணலாக அடிக்கப் பார்த்தார். பழகின கை கேட்குமா? பந்து நல்ல வீட்டுப் பிள்ளையாய் நேரே போயிற்று. குரங்கு போதும் என்கிற இடத்தில் பிள்ளையார் பிடித்துவிட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "காலியா கெடந்துச்சே அந்த ஊர் இடம், அத நம்மகூட ஆட வந்தவருக்குக் குடுத்துட்டேன். புதர்ல வச்சு கேட்டாரு பாருங்க, மறுக்க முடியல. உங்களுக்கும் ஏதோ பாக்கலாம்னு சொன்னேனே, என்னது அது?"

நூல்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒரு டின்னுல மூடி ஒழுகுது சார்."

மனைவியிடம் போனில் சொன்னார்.

"அப்ப இனிமே ஞாயித்துக்கெழம கோல்ஃப் கிடையாதா?"

"என்னை யாரு கூப்புடுவா?"

"நல்லதாப் போச்சு. பஸ் ஏறி வாங்க. வீடெல்லாம் ஒட்டடை தொங்குது."

போனார். ஒட்டடைக் கோலைப் பிடித்ததும் முழங்கை தானாகப் போய் விலாவில் ஒட்டிக்கொண்டது, இடுப்பு முதலில் திரும்பிற்று.

"என்னங்க இது, கூத்தா? கையை நீட்டுங்க, எட்டவே இல்ல" என்றாள் அவள்.