புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

பெட்டியைத் திறந்ததும், இது அப்பாவின் துப்பாக்கி இல்லை என்றுதான் வைதேகிக்கு முதலில் தோன்றியது. அப்பாவுடையது கருநீலம். உள்ளே கிடந்தது எவர்சில்வர் டம்ளர் போல வெளுத்திருந்தது. ஓரங்களில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது.

"பாத்தியா, எப்படிப் பளபளன்னு இருக்கு?" அம்மா பின்னால் வந்து நின்றாள். "நேத்து விளக்கு தேய்க்கிறப்ப இதையும் சேத்துத் தேய்ச்சேன். மேல பூரா கரி. ஆறு வருஷக் கரி. புளித்தண்ணியில ஊற வச்சப்புறந்தான் விட்டுது."

"ஊற வச்சியா?"

"பின்ன? நாளைக்கு மகேந்திரராஜா வந்து எடுத்துட்டுப் போறார். ஒருத்தர் வீட்டுக்குப் போற சாமானை அழுக்கோடவா குடுப்பாங்க?"

அந்தக் கருநீலம் அழுக்கல்ல. எஃகின் மேல் வேண்டுமென்றே ஏற்றிய மெல்லிய துருப்படலம். மற்ற துருவை அண்டவிடாமல் காக்கும் துரு. புளியின் அமிலம் அதைத் தின்றுவிடும். மெல்பர்னில், கிளேட்டன் பகுதியில் ஒரு சோதனைக்கூடத்தில் உலோகங்களை உடைத்துப் பார்ப்பதுதான் வைதேகியின் வேலை. இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா போன ஐந்து வாரங்களில் அவளுக்கு எதையும் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்பா வாசுதேவன் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். 1970இல் மெல்பர்னுக்கு வந்து, கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தார். அங்கேயே வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் மகேந்திரராஜா, இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரைத் துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போனார். திரும்பி வரும்போது வாசுதேவன் உறுப்பினராகியிருந்தார். அந்த வருடக் கடைசியில் உரிமம் வந்தது; .22 கைத்துப்பாக்கியும் வந்தது. இந்த நாட்டில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. மற்றதெல்லாம் வீட்டுக்கு வாங்கியது.

அம்மா பத்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள். அன்னிக்குப் போய் கொலைக்கருவியத் தூக்கிட்டுப் போறீங்களே!"

"காகிதத்தத்தான் பத்மா கொல்றேன். அதுவும் பாதி நாள் பொழச்சுக்குது."

உண்மைதான். குறி அவருக்குச் சுமாராகத்தான் வரும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று பத்மா சொல்லியிருந்ததால், துணி துவைக்கும் அறையில் செய்தித்தாளை விரித்து உட்காருவார். பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருப்பார். பித்தளைக் கம்பியின் நுனியில் ஒரு துண்டைச் செருகிக் குழலுக்குள் விடுவார். கறுத்து வரும். இன்னொன்று. துணி வெள்ளையாக வரும்வரை இதே வேலை. பிறகு ஒரு சொட்டு எண்ணெய். பிறகு குளியல். குளித்தபின்தான் சாப்பாடு. வைதேகிக்கு அவர் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மார்ச்சில், கிளேட்டன் ரயில் நிலையத்தில், வண்டிக்குக் காத்து நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்பிரிங்வேல் தகனக் கூடத்தில் எரித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்ல மனிதர், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினார். உரிமம் ஆளோடு போய்விட்டது, துப்பாக்கி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றார். உரிமமுள்ள யாராவது மாத இறுதிக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் ஒப்படைத்துவிட வேண்டும், உருக்கிவிடுவார்கள்.

தோட்டாக்களை அன்றே மகேந்திரராஜா வாங்கிப் போய்விட்டார். துப்பாக்கியைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. சங்கத்தில் குழலைச் சோதிப்பார்கள். உள்ளே அரித்திருந்தால் சேர்க்க மாட்டார்கள்.

வைதேகி துப்பாக்கியைத் துவைக்கும் அறைக்குக் கொண்டுபோனாள். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவினாள்.

"நான்தான் கழுவிட்டேனே. மறுபடியும் எதுக்குத் தண்ணி?"

"புளி ஒட்டிட்டிருக்கும்மா."

வெந்நீரில் அலசினாள், துடைத்தாள், சூடு ஆறுமுன் எண்ணெய் தடவினாள். மேலே தெரிந்த துரு கம்பிப் பஞ்சுக்குப் போய்விட்டது. அது பெரிய விஷயமில்லை. வேட்டித் துண்டைக் கம்பியில் செருகிக் குழலுக்குள் விட்டாள். சிவப்பாக வந்தது. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும். கை தானாக வேலை செய்தது. மனதில் ஒன்றும் இல்லை. அப்பாவை ஒருமுறை உலையில் வைத்தாயிற்று. இன்னொரு முறை வேண்டாம் என்பது மட்டும் இருந்தது. துணிகள் தீர்ந்ததும் அலமாரியிலிருந்து இன்னொரு வேட்டியை எடுத்துக் கிழித்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. மாலைக்குள் துணி வெள்ளையாக வந்தது. குழி விழுந்திருக்கிறதா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை மகேந்திரராஜா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்.

"இதென்ன பிள்ளை? ஆர் இதை உரிச்சது?"

வைதேகி சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

"என்னத்தால?"

"புளி."

"ஐயோ கடவுளே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ளுக்கும் போயிட்டுதோ?"

"தெரியல அங்கிள். நான் பாக்கல."

அவர் கழற்றினார். ஒரு வெள்ளைத்தாளை மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, குழலை அதற்கு நேரே வைத்து ஒற்றைக்கண்ணால் பார்த்தார். திருப்பிப் பிடித்து மறுமுனையிலிருந்து பார்த்தார். காபியோடு வந்த பத்மா டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"வாய் நுனியில ரெண்டு பொட்டு இருக்கு," என்றார் அவர் வைதேகியிடம் மெல்ல. "உள்ளுக்கு நல்ல சுத்தம். கிளப்பில சேர்க்க இது காணும். பிழைச்சிட்டுது."

"நல்லா வந்திருக்கா?" என்று பத்மா கேட்டாள்.

"ஓம் அக்கா. எங்கட கிளப்பில ஒருத்தற்றையும் இப்பிடி மின்னாது."

பத்மா டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

காரில் பெட்டியை வைத்துப் பூட்டியபின் அவர் சொன்னார்: "டண்டினோங்கில ஒருத்தன் இருக்கிறான். திரும்பக் கறுப்பு ஏத்துவான்."

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"எனக்கென்ன விசரே, போய்ச் சொல்ல? நான் போட்டு வாறன், பிள்ளை."

வைதேகி உள்ளே வந்தபோது அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா ஆறு வருஷம் உக்காந்து உக்காந்து தேய்ச்சாரே. அந்தக் கரி ஏன் போகல?"

சோதனைக்கூடத்தில் தவறான முடிவை ஒருநாளும் எழுதாதவள் சற்று யோசித்தாள்.

"அவருக்குப் புளி தோணலம்மா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பத்மா குழாயை மூடவில்லை, டம்ளர் நிரம்பி வழிந்தது. "என்னைத்தான் அந்தப் பக்கமே வரவிடல. நானும் போகல. கேக்கவே இல்லையே, வைதேகி."