கதவுகளின்மேல் ஒரு நடனப்பள்ளி

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை, மறுநாள் அலுவலகத்துக்கான சட்டையை இஸ்திரிப்பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. பேசியவர் நம் பங்கைச் சேர்ந்த ஸ்டெல்லா. "அண்ணை, நோரா அன்ரி போயிட்டா," என்றார். நான் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை மணிக்கு?" என்பது. "அது தெரிஞ்சு என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டுவிட்டு ஸ்டெல்லா அழத் தொடங்கினார்.

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் நம் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஐரிஷ் நடனம் கற்பித்த திருமதி நோரா ஹனிகனை, இந்தப் பங்கு மடலை வாசிக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். உங்கள் பிள்ளைகள் அவரிடம் ஆடியவர்கள். நீங்கள் எல்லோரும் அவரை நோரா அன்ரி என்றீர்கள். நான் கடைசிவரை திருமதி ஹனிகன் என்றே அழைத்தேன். அவரும் என்னை மிஸ்டர் முத்து என்பார். அவர் பேசியது ஆங்கிலம். பிள்ளைகளை விரைவுபடுத்தும் "கெதியா, கெதியா!" என்ற ஒரு சொல் மட்டும் நம் தாய்மாரிடம் கற்றது. மற்றவற்றை என் தமிழில் தருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் இங்கு தனியாக வந்து சேர்ந்தேன். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை. இங்கு கவுன்சில் அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கும் வேலை. சனிக்கிழமைகளில் செய்வதற்கு ஒன்றுமில்லாததால் பங்கு மண்டபத்தின் சாவிப் பொறுப்பை ஏற்றேன். மண்டபத்துக்கு விதிகள் இருக்கவில்லை. பதினான்கு விதிகளை எழுதி வாசலில் ஒட்டினேன். அப்போது திருமதி ஹனிகனின் நடனப்பள்ளி ஏறத்தாழ முடிந்துபோயிருந்தது. ஐரிஷ் குடும்பங்கள் ஒவ்வொன்றாக எசெக்ஸ் பக்கம் வீடு மாறிப்போக, நான்கு பிள்ளைகளே எஞ்சியிருந்தார்கள். இன்னொரு குடும்பம் போனால் வகுப்பை மூடிவிடுவதாக இருந்தார்.

ஒரு சனிக்கிழமை, மறைக்கல்வி வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போக மறுத்து, ஸ்டெல்லாவின் மூத்த மகள் மெலனி வாசலில் நின்று பார்த்தாள். அடுத்த வாரம் அவளுடன் ஆறு தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்கள் வீட்டில் பழகியபடி சப்பாத்துகளை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலுடன் உள்ளே போய் நின்றார்கள். திருமதி ஹனிகன் அந்த வரிசையைப் பார்த்தார். பிள்ளைகளின் கால்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சப்பாத்து இல்லாவிட்டால் இந்த நடனம் ஊமை," என்றார்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியவன் நான். ஐரிஷ் நடனச் சப்பாத்தின் அடியில் ஆணி உண்டு. மண்டபத் தரைக்கு அப்போதுதான் புதிதாக வார்னிஷ் பூசியிருந்தோம். ஏழாம் விதிப்படி ஆணிச் சப்பாத்து தரையில் படக்கூடாது. பணிவாகத்தான் சொன்னேன். அவர் விதியை இரண்டு முறை வாசித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு லொறி வந்து நின்றது. கவுன்சில் இடித்துக்கொண்டிருந்த பழைய வீடுகளிலிருந்து கழித்துவிட்ட இரண்டு வாசற்கதவுகளை அவருடைய சகோதரர் கொண்டுவந்திருந்தார். அவர்கள் ஊரில் முற்காலத்தில் கதவைக் கழற்றித் தரையில் போட்டு ஆடுவார்களாம். "உங்கள் விதியில் கதவுகளைப் பற்றி எதுவும் இல்லையே, மிஸ்டர் முத்து?" என்று கேட்டார் திருமதி ஹனிகன். நான் போய்ப் பதினான்கையும் மீண்டும் வாசித்தேன். இல்லை. திரும்பி வந்து கதவின் மறுமுனையைத் தூக்கினேன்.

அன்றிலிருந்து எட்டு ஆண்டுகள் அதுவே என் சனிக்கிழமை. ஒரு கதவைத் தூக்க இருவர் வேண்டும். காலையில் அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. பிற்பகலில் மீண்டும் களஞ்சிய அறைக்கு. பள்ளி வளர வளரக் கதவுகளும் பெருகின. இரண்டு ஐந்தாகி, ஐந்து பதினொன்றாயிற்று. பக்கத்து நகரான பார்க்கிங்கிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் வெள்ளை மையால் இலக்கமிட்டேன். முதலாவது பச்சைக் கதவு. கடிதம் போடும் துவாரத்தை அவர் ஒரு மரத்துண்டால் அடைத்திருந்தார். குதிகால் பட்டதும் அந்தத் துண்டு ஒருமுறை கடகடக்கும். கதவைச் சுமக்கும்போது நாங்கள் அதிகம் பேசியதில்லை. "படி," என்பார். "தெரியும்," என்பேன். ஒரு வாரத்தில் என்னுடன் யாரேனும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தது அந்த நேரத்தில் மட்டுமே.

நம் பிள்ளைகளின் கைகள் சும்மா இருக்கவில்லை. ஐரிஷ் நடனத்தில் கைகள் உடலோடு ஒட்டி நிற்கவேண்டும். நம்மவர்களின் விரல்களோ தாமாக மலர்ந்தன. "கைகள் வீட்டில் இருக்கட்டும், கால்கள் ஊர் சுற்றிவிட்டு வரட்டும்," என்று அவர் சொல்வதை இன்று பிள்ளை பெற்றுவிட்ட அந்தப் பெண்களும் சொல்லிக் காட்டுகிறார்கள். முதற் போட்டிக்குத் தலைமயிரைச் சுருட்ட வேண்டும் என்றபோது ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. "எண்ணெய் வைக்காம பிள்ளையை வெளியில அனுப்ப ஏலாது. சுருள் நிக்காட்டி நிக்காமப் போகட்டும்." சுருள் நிற்கவில்லை. ஏழு பிள்ளைகளும் எண்ணெய் மினுங்கும் இரட்டைப் பின்னலோடு மேடையேறினார்கள். நடுவர் காரணம் கேட்டாராம். "எங்கள் பள்ளி அப்படி," என்று திருமதி ஹனிகன் பதில் சொன்னார்.

இனி நான் எழுதவேண்டியது எனக்கு எளிதன்று. தீயணைப்பு அதிகாரிகள் சொன்னபடி, மண்டபத்தில் அறுபது பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பதினைந்தாம் விதியாயிற்று. மார்ச் மாதத்து ஆண்டுவிழாவன்று வாசலில் நின்று எண்ணினேன். ஆடும் பிள்ளைகள் முப்பத்தேழு, ஆசிரியை ஒருவர், பெற்றோர் இருபத்திரண்டு பேர். நான் வெளியே நின்றதால் என்னைச் சேர்க்கவில்லை. அறுபத்தொன்றாவதாக, வேலை ஷிப்ட் முடிந்து ஓடி வந்தவர் ஸ்டெல்லா.

"அண்ணை, என்ர பிள்ளை ஆடுறதை நான் பாக்க ஏலாதோ?"

"அறுபது ஆகிவிட்டது," என்றேன்.

"நானென்ன யானையே? ஒரு மூலையில நிக்கிறன்."

நான் அசையவில்லை. அப்போது திருமதி ஹனிகன் வெளியே வந்தார். ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, தாம் மழையில் நின்றார். "இப்போது அறுபது," என்றார். தம் பள்ளியின் மிகப்பெரிய விழாவை அவர் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். நான் குடையைப் பிடித்தேன். "ஐந்தாம் கதவில் இருப்பவளுக்கு இடது கால் பிந்துகிறது," என்றார் ஒருமுறை. பச்சைக் கதவு கடகடத்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் கோடையில் பள்ளி பார்க்கிங் நகரில் ஒரு பெரிய உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாறியது. "நீங்கள் எண்ணியது சரி, மண்டபம்தான் சிறிது. நீங்களும் வாருங்கள்," என்றார் திருமதி ஹனிகன். என் பொறுப்பு இந்த மண்டபத்துக்கு என்று சொன்னேன். பிறகு பல சனிக்கிழமைகள் காலை பத்து மணிக்கு மண்டபத்தைத் திறந்து வைத்தேன். யாரும் வாடகைக்கு எடுத்திருக்கவில்லை. மாலையில் பூட்டினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் என் குடியிருப்பின் அழைப்பு மணி அடித்தது. வாசலில் திருமதி ஹனிகன். சுவரில் சாய்த்து வைத்த பச்சைக் கதவு. அதைத் தூக்கிவர உதவிய ஸ்டெல்லா தம் வான் வண்டியைப் பார்க்கக் கீழே போயிருந்தார். "புதிய கூடத்தில் நல்ல மரத்தரை. கதவுகள் தேவையில்லை. இது உங்களுடையது," என்றார். பிறகு, "அங்கே எண்ணுவதற்கு ஆளில்லை, மிஸ்டர் முத்து," என்றார்.

நான் விலகி வழிவிட்டேன். "உள்ளே வாருங்கள், தேநீர் போடுகிறேன். சப்பாத்தை மட்டும் அங்கே கழற்றி வையுங்கள்," என்றேன். நம் வீடுகளில் எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன். அவர் குனிந்து தம் சப்பாத்துகளைப் பார்த்தார். முகம் சிவந்தது. "இன்னொரு நாள்," என்று சொல்லிப் படியிறங்கிவிட்டார்.

மழையில் நிறுத்தியதை அவர் மறக்கவில்லை, மரியாதைக்காகவே வந்து போனார் என்று முடிவு செய்தேன். அதனால் பார்க்கிங்குக்கு நான் போகவில்லை. நான்கு ஆண்டுகள் போகவில்லை. பேருந்தில் இருபத்தைந்து நிமிடத் தூரம்.

அடக்கப் பூசை முடிந்ததும் ஸ்டெல்லாவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

"அவ ஒருத்தருக்கு முன்னாலயும் சப்பாத்துக் கழட்டமாட்டா, அண்ணை. ஆடி ஆடி விரலெல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி, நகமும் இல்லை. ஆஸ்பத்திரியிலயும் என்னைத்தான் காலுறை மாத்த விட்டவ."

"என்மேல் கோபமில்லையா?"

"என்ன கோபம்? வானுக்க ஏறி, 'அது அவர் வீட்டு விதி, நான் மீறக்கூடாது' எண்டு சொன்னவ. நீங்கள் எண்ண வருவியள் எண்டு கூடத்து வாசல்ல ஒரு கதிரை போட்டு வைச்சவ. பிள்ளையள் அதில பையைப் போட்டா ஏசுவா."

அப்போது பார்க்கிங் கூடத்தில் எத்தனை பிள்ளைகள் ஆடினார்கள் என்று கேட்டேன். நூற்றுக்கு மேல் இருக்கும், யாரும் சரியாக எண்ணவில்லை என்றார் ஸ்டெல்லா.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பச்சைக் கதவு. நான்கு ஆண்டுகள் படுக்கையறைச் சுவரில் சாய்ந்திருந்ததை நேற்று இறக்கினேன். ஒருவர் தனியாகக் கதவைத் தூக்க முடியாது; இழுத்துத்தான் வந்தேன். நடைவழியை அளந்து பார்த்ததில் இரண்டங்குலம் மிச்சம். வாசற்கதவு முட்டாதபடி சற்றுத் தள்ளித் தரையில் கிடத்தி, மறுமுனையில் நான் உட்கார ஒரு கதிரை போட்டிருக்கிறேன். ஒருமுறை சப்பாத்தோடு ஏறி நின்றேன். மரத்துண்டு இன்னும் கடகடக்கிறது.

உங்களில் யாரேனும் இந்தப் பக்கம் வந்தால் மணியை அடியுங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு நான் வீட்டில் இருப்பேன். சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். கதவின்மேல் நடந்து உள்ளே வாருங்கள்.