புது ஜிக்கும் சந்தனப் பொட்டும்

என் மகளுக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்தி நிற்கும். முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது. தோசையைக்கூடக் கடைவாயில் ஒதுக்கித்தான் கடிப்பாள். 'ச' சரியாக வராது. இங்கே ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்தபின், மீட்டிங்கில் வாய் திறக்கவே கூசுகிறதென்று அவளே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மேஜைமேல் மகளின் தாடை, ஸ்கேன் பார்த்து மிஷினில் அச்சடித்தது, பல்லும் பல்லுமாக இருந்தது. அதன்மேல் கச்சிதமாக உட்காரும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. நடுவில் ஒரு கீறல், சுற்றிலும் துளைகள்.

"எலும்புமேல் இதை வைத்து, இந்தக் கீறல் வழியாகத்தான் அறுப்போம், காகா. இம்மி தப்பாது" என்றார் இந்தியில். காகா என்றால் இந்த ஊரில் சித்தப்பா மாதிரி.

நான் வேலை பார்க்கும் சாகண் ஃபாக்டரியில், துளை இடம் தப்பாமல் விழ இரும்புமேல் நாங்கள் வைக்கிற ஜிக் மாதிரியேதான். புது ஜிக்குக்குப் பொட்டு வைக்காமல் நான் வேலை தொடங்கியதே இல்லை. டாக்டரம்மா போன் பேசத் திரும்பினார். சட்டைப்பையில் கோயில் சந்தனம் ஈரமாக இருந்தது. முருகா என்று அந்தத் துண்டுக்கும் வைத்துவிட்டேன்.

"ஏனுங்க, என்ன பண்ணிப்போட்டீங்க?" என்றாள் மனைவி.

"புதுச் சாமான். வெறுமனே உள்ளே போகலாமா?"

"அது என் வாய்க்குள்ள போறதுப்பா" என்றாள் மகள்.

டாக்டரம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "துளையெல்லாம் சந்தனம், காகா. இது ஆகாது. வேறொன்று அடிக்கச் சொல்கிறேன். காலைக்குள் வராவிட்டால் நாளை ஆபரேஷன் கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் நான் பூஜையில் உட்கார்ந்து, அந்தப் பிரின்டர் நடுவில் நிற்கக்கூடாதென்று வேண்டிக்கொண்டேன். பிரின்டருக்கு என்ன நைவேத்தியம் என்று தெரியாததால் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

காலையில் புதியது வந்துவிட்டது. டாக்டரம்மா மூடிய கவரைத் தூரத்திலிருந்தே காட்டி, "கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், காகா" என்றார். கட்டிக்கொண்டேன். தியேட்டரிலிருந்து வெளியே வந்து, நினைத்த இடத்தில் தாடை உட்கார்ந்துவிட்டதென்று அவர் சொன்னபோதுதான் கையை அவிழ்த்தேன், கும்பிடுவதற்கு.

பிறகு சில வாரம் பற்களை ரப்பர் போட்டுக் கட்டியிருந்தார்கள். மகள் கஞ்சியை உறிஞ்சியபடி என்னை முறைப்பாள். ரப்பரைக் கழற்றிய அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள்.

"சும்மா இருக்கவே மாட்டீங்களாப்பா? சாமி கும்பிட டாக்டர் மேசைதான் கிடைச்சுதா? கொஞ்சமாச்சும் யோசிச்சீங்களா?"

ஒவ்வொரு 'ச'வும் சுத்தமாக விழுந்தது.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றேன்.