நசுங்காத எலுமிச்சை

முதுகில் 'சேஃப்டி ஆபீசர்' என்று எழுதிய பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு வருடக்கணக்காகச் சுற்றியவன் நான். அந்தச் சட்டைக்கு வாய் இருந்திருந்தால் என்னைக் காறித் துப்பியிருக்கும்.

முட்டுக்காட்டில் உப்பங்கழியை ஒட்டி ஓர் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த கிரேனுக்கு வெள்ளிக்கிழமை காலை பூஜை. கிரேன் சாயாமல் நிற்க, நாலு மூலையிலும் இரும்புக் கால்களை நீட்டி ஊன்றுவார்கள். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆபரேட்டர் கால்களை இறக்கினார். மூன்று பழங்கள் பிதுங்கிச் சாறு தெறித்தது. தண்ணீர்ப் பக்கத்துக் காலைத் தூக்கிப் பார்த்தால், பழம் முழுசாக மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

எனக்குக் காரணம் புரிந்தது. சேற்றை மூடி லாரி மண் கொட்டிய இடம் அது. மண் இளகிக் கிடக்கிறது, வேறொன்றும் இல்லை. மற்றவர்கள் பேசியதோ சகுனம்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி தொங்கிப்போச்சு? வேற பழம் வெச்சாப் போச்சு," என்றார் மேஸ்திரி. புதுப் பழத்தை ஒரு கல்லின்மேல் வைத்தார்கள். அது சமர்த்தாக நசுங்கியது. கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, காலை அதே இடத்தில் ஊன்றிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் பாய். பூஜை நேரத்தில் பழத்தைப் பற்றி வாயைத் திறந்தால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கினேன். ஒருத்தரும் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எல்லாம் என் வறட்டுக் கூச்சம். பூஜை முடியட்டும், அகலமான இரும்புத் தகடு போடச் சொல்லலாம் என்று நின்றேன். கற்பூரம் அணைவதற்குள் கம்பிக்கட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டார்கள்.

ஆபரேட்டர் கேபினிலிருந்து என்னைத்தான் பார்த்தார்.

"பாய், மனசே சரியில்ல. நீங்க சொல்லுங்கோ. தூக்கட்டா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தூக்குங்க," என்றேன்.

கம்பிக்கட்டு ஆளுயரத்துக்கு எழும்பித் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்துக் கால் சத்தமே இல்லாமல் இறங்க ஆரம்பித்தது. "எறக்கு, எறக்கு!" என்று கத்தினேன். அதற்குள் எதிர்ப்பக்கத்துக் கால்கள் தரையை விட்டுக் கிளம்ப, கிரேன் கேபினோடு சாய்ந்துவிட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேட்டருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போய் நின்றேன். வராந்தாவில் இருந்த அவர் மனைவி, என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"'பாய் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும், நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன்'னு பொலம்பிகினே கீறாருண்ணா. நீங்க உள்ள வந்து, அவரு மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

உள்ளே போய், "உங்க மேல தப்பு இல்ல," என்றேன். யார் மேல் என்பதை அன்றும் சொல்லவில்லை.