கை காட்டினால் நிற்கிறவர்

என் வீட்டுக்காரர் நெஸ்தியால் ஒரு காப்பியை உட்கார்ந்து குடித்து முடிக்க முடியாது. பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவார், அங்கிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருமுனைக்கு. எங்கள் ஊர் கோர்ச்சாவுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் வேன் ஓட்டிய மனுஷர். எங்கள் வேன்களுக்கு நேரம், நிறுத்தம் எதுவும் கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும், ரோட்டோரம் யார் கை காட்டினாலும் நிற்கும். கண் மங்குகிறது என்று டாக்டர் சொன்னதும் வண்டியை விற்றார். அதன்பிறகு வண்டிக்குப் பதிலாக இவர் வீட்டுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டார்.

எதையும் முடிக்கிற பழக்கமும் இல்லை. மாடி கட்டத் தொடங்கினார், கம்பிகள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இத்தாலியன் படிக்கப் போனார், வணக்கம் சொல்வதோடு சரி. தேனீப் பெட்டி வாங்கினார், தேனீக்களே இவரைப் பொறுக்காமல் போய்விட்டன.

எங்கள் ஒரே மகள் அனிலா கடலுக்கு அந்தப் பக்கம், இத்தாலியில், பாரி நகரத்தில் இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள். "அம்மா, எப்ப வர்றே?" என்று போனில் கேட்காத நாள் இல்லை. இவரைக் கூட்டிப்போனால் அந்தச் சின்ன வீட்டில் எல்லாரையும் பைத்தியமாக்கிவிடுவார். விட்டுப்போனால் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய்விடுவார். இப்படியே யோசித்து யோசித்து எனக்கும் தூக்கம் போயிற்று.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊரில் முதன்முதலாக அரை மாரத்தான் வைத்தார்கள். இருபத்தொரு கிலோமீட்டர், இவருடைய பழைய வேன் ரோட்டிலேயே போய்த் திரும்ப வேண்டும். பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"அந்த ரோட்டுல ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும், ஒலிம்பி."

"பள்ளம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? கால் வேணாமா?"

"முடிச்சுக் காட்டறேன் பாரு."

"நீ முடிச்சது ஒண்ணு சொல்லு பாப்போம். நம்ம கல்யாணத்துல ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு வண்டிக்குத் தண்ணி ஊத்தப் போன ஆளு நீ!"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதையும் நீ பாதியில விட்டேன்னா திங்கக்கிழமை கப்பல் ஏறிடுவேன். திரும்பியே வரமாட்டேன்" என்று கத்தினேன். ஜன்னல் திறந்திருந்தது. தெரு முழுக்கக் கேட்டது. எங்கள் ஊரில் அப்படிச் சொன்ன வார்த்தையை முழுங்க முடியாது.

பயிற்சி என்று சாயங்காலம் ஓடினார். ஊரே உடுத்திக்கொண்டு பெரிய வீதியில் உலாவுகிற நேரம் அது. அந்த நேரத்தில் ஒருத்தன் ஓடினால் வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம். "நெஸ்தி அண்ணே, யாருக்கு என்ன ஆச்சு?" என்று நாலு பேர் பின்னாலேயே ஓடினார்கள். மருந்துக்கடைக்காரர் பூட்டிய கடையைத் திறந்தே விட்டார்.

ஓட்டத்தன்று, ஊருக்குத் திரும்பி வருகிற வழியின் கடைசிக் கிராமத்தில், என் தங்கை வீட்டு வாசலில் நின்றேன். தங்கை புருஷன் லிகோர் சைக்கிளில் இவர் பின்னாலேயே போய், போனில் சேதி சொல்லிக்கொண்டிருந்தான்.

"அக்கா, சகலை முதல் கூட்டத்தோட பறக்கறார்!"

"பறக்க வேணாம்னு சொல்லு. இன்னும் முக்காவாசி கிடக்கு."

"சொன்னேன். எந்த வண்டியையும் முன்னால விட்டுப் பழக்கமில்லேங்கறார்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தான். சிரிப்பில் அவனுக்குப் பேச்சே வரவில்லை. "ஜனங்க உற்சாகப்படுத்தக் கை ஆட்டறாங்க இல்ல? சகலை ஒவ்வொரு கைக்கும் ஓரங்கட்டி நிக்கறார்! நின்னவரைச் சும்மா விடுவாங்களா? ஒருத்தி சுடச்சுட லக்ரோர் அடைத் துண்டை வாயில திணிக்கறா, ஒருத்தன் ராக்கிச் சாராயம் ஊத்தறான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். தங்கை நாற்காலி போட்டாள், உட்காரவில்லை. முடித்துவிடு ஐயா என்று மனசு அடித்துக்கொண்டது. முடிக்காவிட்டால் என் வாய்க்கொழுப்புக்காக நான் போயே ஆக வேண்டும்.

ஒருவழியாக வந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது, ஒரு காலை இழுத்தார். நிறுத்து, உட்கார், செத்துப்போகாதே என்று கை தானாக மேலே எழுந்தது. பாதியில் பிடித்து அக்குளில் செருகிக்கொண்டேன். இந்தக் கை உயர்ந்தால் நிற்பார், நின்றால் மறுபடி எழமாட்டார். அவரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஒலிம்பி, ஒரு நிமிஷம்..."

"ஒரு நிமிஷமும் கிடையாது. போய்யா!"

போனார். விழுந்தால் நான்தான் கொன்றேன் என்று புலம்பிக்கொண்டே தங்கையின் காரில் குறுக்கு வழியாக ஊருக்கு வந்தேன். எல்லைக்கோட்டில் தடுப்புகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். "ஒரு ஆள் இன்னும் வரணும்!" என்று சண்டை போட்டேன்.

நடந்துதான் வந்தார். இரண்டு பக்கமும் ஜனங்கள் கைகளை ஆட்டினார்கள். ஒரு கையையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டி நடைபாதை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"முடிச்சுட்டேன்."

"பாத்தேன். கப்பல் பேச்சை விடு. நான் எங்கயும் போகல."

"போ, ஒலிம்பி."

"என்னது?"

"கோவிச்சுக்கிட்டுப் போனா திரும்பி வர உனக்கு வழி இருக்காது. அதுக்குத்தான் எப்படியாவது முடிக்கணும்னு வந்தேன். இப்ப பொண்ணைப் பாக்கப் போறேன்னு நிம்மதியாப் போ. பேரப்பிள்ளையைக் கொஞ்சிட்டுத் திரும்பி வா."

"நீ தனியா என்ன பண்ணுவே?"

"கடைசியில முன்னாலயும் ஆள் இல்ல, பின்னாலயும் ஆள் இல்ல. லிகோர்கூட டயர் பஞ்சராகி நின்னுட்டான். முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. இருந்துக்குவேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் இங்கே இருப்பதற்காக ஓடுகிறார் என்று நான் நினைத்திருக்க, மனுஷன் என்னை அனுப்பி வைக்க ஓடியிருக்கிறார்.

திங்கட்கிழமை கப்பல் ஏறினேன். கரை மறைந்தும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மேல்தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சிக்னல் போவதற்குள் போன் போட்டேன்.

"என்ன பண்றே?"

"சும்மா உக்காந்திருக்கேன்" என்றார்.